ஆயில் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்காதீர்கள்

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் சரி, தள்ளிப் போனாலும் சரி, குறுவை உழவுக்கு முன்னால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்தப் பட்டறையிலும் நிற்க இடமிருக்காது. பவர் டில்லர், பம்ப்செட், பைக், இப்போது வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைகளில் கரை மேல் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடும் ஏடிவி என்கிற தடித்த டயர் நாலு சக்கர வண்டி வரைக்கும் வந்து நிற்கும். எல்லோருக்கும் ஆயில் மாற்ற வேண்டும், எல்லோருக்கும் அவசரம். இந்த அவசரத்தில் செத்துப்போவது இன்ஜினுக்கு அடியில் ஆயிலை வடிக்க இருக்கிற டிரெயின் போல்ட்டின் மரை, அதாவது அது திருகி ஏறும் வரிகள்தான்.

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: “அண்ணே, லேசா கசியுது, இன்னும் ஒரு சுத்து இறுக்கி விட்ருங்க.” அந்த ஒரு சுற்றுதான் மரையைக் கொல்கிறது. ஏன் என்று விளக்கிச் சொன்னால் பாதிப் பேர் அடுத்த தடவை செய்ய மாட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

ஆயிலை வெளியே விடாமல் தடுப்பது மரை இல்லை, வாஷர். மரையின் வேலை போல்ட்டைப் பிடித்து வைத்திருப்பது மட்டும்தான். போல்ட்டின் தலைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் அலுமினிய வாஷரோ காப்பர் வாஷரோ நசுங்கி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதால்தான் கசிவு நிற்கிறது. ஒரு தடவை நசுங்கிய வாஷர் இறுகிப்போய்விடும், அடுத்த தடவை அதே மாதிரி படியாது. அதைத் திரும்பப் போட்டால் கசியும், கசிந்தால் இறுக்குவோம், மறுபடி கசியும், மறுபடி இறுக்குவோம், கடைசியில் போல்ட் கையோடு சும்மா சுற்றும். பத்து இருபது ரூபாய் வாஷரை மிச்சம் பிடித்ததில் இன்ஜின் அடிப்பாகத்துக்கே சேதம். காப்பர் வாஷராக இருந்தால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் பழையபடி மெதுவாகிவிடும், அவசரத்துக்கு அது நல்ல வழி. அலுமினியத்தில் இந்த வேலையை முயல வேண்டாம், புதுசு போடுங்கள்.

இன்னொரு காரணம் நம் ஊர்க் கைப்பழக்கம். அப்பா காலத்திலிருந்து நாம் இறுக்கிப் பழகியது பம்ப்செட் டீசல் இன்ஜின். அது வார்ப்பிரும்பு, கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலும் தாங்கும். பைக், ஏடிவி இன்ஜின்களின் அடிப்பாகம் அலுமினிய வார்ப்பு, அதில் நுழைவது எஃகு போல்ட். முறுக்கு அதிகமானால் மெத்தென்று இருக்கிறதுதான் விட்டுக்கொடுக்கும். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் மரைக்குள் வெள்ளிக் கம்பிச் சுருள் மாதிரி ஏதாவது சுற்றிக்கொண்டிருந்தால், அது போல்ட்டினுடையது இல்லை, இன்ஜினுடைய மரை.

கணக்காகவே பார்க்கலாம். சின்ன இன்ஜின்களில் அதிகம் வருவது 12 மி.மீ. போல்ட், மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ. கம்பெனி புத்தகத்தில் இதற்குச் சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர்தான், சில ஏடிவிகளில் அதைவிடக் குறைவு, உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருப்பதுதான் கணக்கு. 25 நியூட்டன் மீட்டர் என்றால், 15 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 17 கிலோ பலம். அதே பலத்தை 60 செ.மீ. பைப் செருகிக் கொடுத்தால் 100 நியூட்டன் மீட்டர், நாலு மடங்கு. பைப் போட்டு இறுக்குகிறவருக்குத் தான் பலமாக இழுத்ததாகவே தோன்றாது, அங்கேதான் சிக்கல். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் சின்ன ரிங் ஸ்பேனரை எடுத்து, தலைக்குப் பக்கத்திலேயே பிடித்து இறுக்குங்கள். புது வாஷர் நசுங்கும்போது கையில் ஒரு மெத்தென்ற உணர்வு வந்து அப்புறம் கெட்டியாகும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

ஏடிவியில் வேறு ஒரு தொல்லை. அடியில் கல், கட்டை படாமலிருக்க ஒரு தகடு மூடியிருக்கும், அதிலுள்ள ஓட்டை வழியாகத்தான் போல்ட்டைத் தொட முடியும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. சாய்வாக நுழைத்து ஸ்பேனரால் திருப்பினால் குறுக்கு மரை ஏறிவிடும், முதல் சுற்றிலேயே வேலை முடிந்தது. அதனால் தகட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், சோம்பல் படாதீர்கள். போல்ட் முழுக்க விரலாலேயே ஏற வேண்டும், ஸ்பேனர் கடைசியில் மட்டும். பாதியில் விரல் நின்றுவிட்டால் கழற்றி, துடைத்து, மறுபடி. இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள்: பல மாடல்களில் கியர் பெட்டிக்கும் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் முன், பின் டிஃபரன்ஷியலுக்கும் தனித்தனி போல்ட் உண்டு. இன்ஜின் ஆயில் என்று நினைத்து கியர் ஆயிலை வடித்துவிட்டு, மேலே இன்ஜின் ஆயிலை இரட்டிப்பாக ஊற்றி வந்த வண்டியும் பார்த்திருக்கிறேன்.

நம் பகுதியில் உப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உப்பளத்துப் பக்கமும் இறால் குட்டைப் பக்கமும் ஓடும் வண்டிகளில் எஃகும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்திருந்து, அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும். போல்ட் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதைச் சுற்றி டெல்டாக் களிமண் காய்ந்து சிமெண்ட்டாக இறுகியிருக்கும். அப்படியே ஸ்பேனரை மாட்டி இழுத்தால் தலை உருண்டுவிடும், இல்லையென்றால் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் டீசல் நனைத்த பிரஷ்ஷால் மண்ணைக் கழுவுங்கள். இன்ஜினைக் கொஞ்சம் ஓட்டி, கை பொறுக்கும் சூட்டில் கழற்றுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும், ஆயிலும் சுலபமாக வடியும். ஆறு முனை சாக்கெட்தான் மாட்ட வேண்டும், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் கூடவே கூடாது.

சரி, மரை போயே போய்விட்டது, இனி என்ன? ஊரில் நடக்கிற மூன்று வைத்தியங்களையும் விட்டுவிடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றுவது வீண். அது கூம்பு மரை கொண்ட தண்ணீர்க் குழாய்க்கானது, இங்கே போல்ட்டைப் பிடித்து வைக்காது, கிழிந்த துண்டு உள்ளே போய் ஆயில் ஜல்லடையை அடைக்கும். எம்-சீல் அப்பினால் அன்றைக்குக் கசிவு நிற்கும், அடுத்த ஆயில் மாற்றும்போது உளி வைத்துத் தட்ட வேண்டிவரும். மூன்றாவது, பெரிய போல்ட்டை அப்படியே முறுக்கி ஏற்றுவது. அது துளையைச் சுற்றியுள்ள திட்டைப் பிளந்துவிடும், பிளந்தால் ஆர்கான் வெல்டிங் தவிர வழியில்லை.

துளையின் உள் ஆழத்தில் நல்ல மரை மிச்சமிருந்தால் கொஞ்சம் நீளமான போல்ட் பிடித்துக்கொள்ளும். ஆனால் நுனி உள்ளே ஜல்லடையிலோ கியரிலோ முட்டாது என்று கம்பி விட்டு அளந்த பிறகுதான். மரை முழுக்கப் போயிருந்தால் இரண்டு நல்ல வழிகள். ஒன்று, 12.5 மி.மீ. டிரில் ஓட்டி, 14 மி.மீ., 1.5 மரை வெட்டும் டேப் என்கிற கருவியை ஓட்டி, அதே அளவு போல்ட் மாட்டுவது. திட்டில் போதுமான சதை இருந்தால் இது போதும். இன்னொன்று ஹெலிகாயில், அதாவது துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள், அல்லது லேத் பட்டறையில் கடைந்த, உள்ளே மரை உள்ள புஷ். இதில் பழைய அளவு போல்ட்டையே போடலாம், மரை முன்பைவிடக் கெட்டியாகவும் இருக்கும். எனக்குப் பிடித்தது புஷ்தான். ஹெலிகாயிலில் ஒரு பொறி உண்டு: கம்பிச் சுருளின் அடியில் ஒரு வால் இருக்கும், மாட்டியதும் அதைத் தட்டி உடைக்கச் சொல்வார்கள். மற்ற இடங்களில் சரி, டிரெயின் துளையில் தட்டினால் அந்த வால் நேராக இன்ஜினுக்குள் போகும். மூக்கு நீண்ட பிளையரால் பிடித்துக்கொண்டு ஒடித்து வெளியே எடுக்க வேண்டும், அல்லது வால் இல்லாத வகை வாங்க வேண்டும்.

டேப் போடும்போது இரண்டு விஷயம் தவறினால் வேலை பாழ். சாய்ந்து ஏறினால் போல்ட் தலை சமமாக உட்காராது, எந்த வாஷரும் காப்பாற்றாது. அப்புறம் பிசிறு, அதாவது வெட்டுப்படும் அலுமினியத் துகள். டேப்பின் பள்ளங்களில் கிரீஸை நிறைத்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போய், அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். காந்தத்தால் எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. போல்ட் திறந்திருக்கும்போதே மேலிருந்து மலிவான ஆயில் கொஞ்சம் ஊற்றி வழியவிடுங்கள், தெளிவாக வரும்வரை. சந்தேகம் இருந்தால் சைடு கவரைக் கழற்றி ஜல்லடையையும் கழுவுங்கள். ஒரு மணி நேரம் கூடும்தான். ஆனால் அந்தப் பிசிறு ஆயில் பம்பில் சிக்கினால் இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஆயில் ஊற்றி, இன்ஜினை ஓட்டி நிறுத்தி, அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து இரவெல்லாம் விடுங்கள். காலையில் சொட்டு இல்லையென்றால் வண்டியை வயலுக்கு எடுத்துப் போகலாம். பைக்காக இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும், ஓடும்போது போல்ட் கழன்றால் ஆயில் பின் டயரில்தான் விழும், அதில் சறுக்கி விழுந்தவர்களை மன்னார்குடி ரோட்டில் பார்த்திருக்கிறேன்.

வடித்த பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016-ல் வந்த அபாயக் கழிவு விதிகளில் அதுவும் அபாயகரமான கழிவுதான். கேனில் பிடித்து மூடி வைத்திருந்தால் பழைய ஆயில் எடுப்பவர்கள் காசு கொடுத்தே வாங்கிப் போவார்கள். தண்ணீர் கலந்துவிட்டால் எடுக்க மாட்டார்கள், அதனால் மழையில் வைக்காதீர்கள்.