நியூட்ரலில் போட்டுத்தானே இழுத்தோம்?

கிருஷ்ணகிரியில் உள்ள என் பட்டறைக்கு இந்த ஆண்டில், கயிறு கட்டி இழுத்ததால் கெட்டுப்போய் வந்து சேர்ந்த நான்காவது மின்சாரக் கார் இது. வருகிறவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சேலத்திலிருந்து வந்துகொண்டிருந்த குடும்பம் தொப்பூரில் தேநீர் குடிக்க இறங்கியிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் திரை மங்கலாக எரிகிறது, நியூட்ரல் விழுகிறது, கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு மட்டும் வரவில்லை. அந்த வழியாக வந்த லாரிக்காரர் நல்ல மனத்தோடு கயிறு கட்டித் தருமபுரி வரை இழுத்து வந்து விட்டிருக்கிறார். நான் திறந்து பார்த்தபோது இன்வெர்ட்டர் கருகியிருந்தது. (வீட்டில் மின்வெட்டுக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து, மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது.) “நியூட்ரலில் போட்டுத்தானே சார் இழுத்தோம்?” என்று உரிமையாளர் கேட்டார். முந்தைய மூவரும் கேட்ட அதே கேள்விதான்.

பெட்ரோல் வண்டியில் நியூட்ரல் என்பது எஞ்சினையும் சக்கரத்தையும் உண்மையாகவே பிரித்துவிடுகிறது. நம் ஊரில் ஓடும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றில் அப்படிப் பிரிப்பதற்குக் கிளட்ச்சே கிடையாது. மோட்டாரும் சக்கரமும் ஒரே ஒரு கியர் விகிதத்தின் வழியாக எப்போதும் இணைந்தே இருக்கின்றன. நியூட்ரலில் போடும்போது மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பாதே என்ற கட்டளை மட்டும்தான் போகிறது. கியர் விலகுவதில்லை, தண்டு விலகுவதில்லை. ஆகவே லாரி இழுக்க இழுக்கச் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டாருக்குள் இருக்கும் நிரந்தரக் காந்தமும் சுற்றுகிறது, யாரும் கேட்காமலேயே அது மின்சாரத்தை உற்பத்தி செய்கிறது. வேகம் கூடக் கூட அந்த மின்னழுத்தமும் கூடிக்கொண்டே போய் இன்வெர்ட்டரின் தலையில் இறங்குகிறது. கார் அணைந்து கிடப்பதால் குளிர்விக்கும் பம்பும் ஓடாது, வெப்பம் போக வழியில்லை.

மின்சாரம் உற்பத்தியாகிறது என்றதும், “அப்படியானால் இழுத்தால் பேட்டரி சார்ஜ் ஏறுமே?” என்று கேட்கிறார்கள். ஏறாது. பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் திறந்து கிடக்கும்போது அந்த மின்சாரத்துக்குப் பேட்டரிக்குள் போக வழியே இல்லை. தயவுசெய்து இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

நம் பகுதி மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இழுத்து வந்த காரின் பானெட்டைத் திறந்ததும் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாதீர்கள். இங்கே விற்பனையாகும் பெரும்பாலான கார்களில் அவை 300 முதல் 400 வோல்ட் வரை சுமப்பவை. கார் அணைந்திருந்தாலும், சக்கரம் சுற்றிய காரணத்தாலேயே இன்வெர்ட்டரின் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து (பல மாடல்களில் 5 முதல் 10 நிமிடம்), 1000 வோல்ட் தாங்கும் கையுறையோடு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்னழுத்தம் இருந்துகொண்டுதான் இருக்கும். டீசல் வண்டியில் இருபது ஆண்டு அனுபவம் இருக்கிறது என்பதைக் கேட்டு மின்சாரம் விலகி நிற்காது.

வண்டி நின்றுவிட்டால் முதலில் ஹசார்டு விளக்கைப் போட்டு, ஆட்களைத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் அனுப்புங்கள். தொப்பூர் கணவாயில் காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை. தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். அழைக்கும்போதே “மின்சாரக் கார், பிளாட்பெட் வண்டி வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள் (காரை முழுவதுமாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான லாரி அது). சொல்லாவிட்டால், ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி இழுக்கும் கிரேன் வந்து நிற்கும். அப்படியே வந்துவிட்டால், மோட்டார் சுற்றும் சக்கரங்கள் எவை, அவற்றைத் தூக்கினால் மட்டும் போதுமா என்பதைக் கையேட்டில் பார்க்காமல் கொக்கி மாட்ட விடாதீர்கள். நான்கு சக்கரத்திலும் மோட்டார் உள்ள வண்டி என்றால் நான்கும் தரையை விட்டு எழும்ப வேண்டும். சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு நடை வேகத்தில் தள்ளிவிடுவதைச் சில கையேடுகள் அனுமதிக்கின்றன, ஆனால் அது சில அடி தூரத்துக்குத்தான். தருமபுரி வரைக்கும் அல்ல. காப்பீட்டில் சாலையோர உதவி எடுத்திருப்பவர்கள், அதில் பிளாட்பெட் உண்டா என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் எண்பது சதவீதம் இருந்தாலும், இந்தச் சிறியது படுத்துவிட்டால் கான்டாக்டர் மூடாது, ‘ரெடி’ வராது. கையேட்டில் சொன்னபடி இன்னொரு வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டால் பல நேரம் கார் அங்கேயே எழுந்துவிடும். தொப்பூரில் நின்ற அந்தக் காருக்கும் வந்த நோய் அதுதான். சில ஆயிரம் ரூபாய் 12 வோல்ட் பேட்டரியை அன்று மாலையே மாற்றிவிட்டேன். லட்சக்கணக்கில் விலை சொல்லப்பட்டிருக்கும் இன்வெர்ட்டருக்காக அந்தக் கார் இன்னும் என் பட்டறையில்தான் நிற்கிறது.