செயற்கைக்கோள்: நடுவில் ஒரு 'துணை' குறைகிறது

சேட்டிலைட் என்றால் செயற்கைக்கோள் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். பாதிதான் சரி. நிலாவும் சேட்டிலைட்தான், அதில் செயற்கை எங்கே வந்தது?

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. பெரிய மனிதர்களை ஒட்டியே நடக்கும் மெய்க்காவலன், ஏவலாள், இவர்களைக் குறித்த சொல் அது. 1610-ல் கலிலியோ வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்களைக் கண்டு, ஃபுளோரன்ஸ் நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் தயவு வேண்டி அவர்கள் பெயரையே சூட்டினார்; ஜெர்மன் வானியலாளர் கெப்ளரோ அவை வியாழனை விட்டு அகலாததைப் பார்த்து இந்த ஏவலாள் சொல்லை எடுத்துப் போட்டார், அதுவே நிலைத்தது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக்கின் பெயருக்கும் வழித்துணை என்றுதான் பொருள்.

தமிழில் கோள், 'கொள்' என்பதிலிருந்து வருவது. கோளைச் சுற்றுவது துணைக்கோள். அப்படியானால் மனிதர் செய்து பூமியைச் சுற்றவிட்டது செயற்கைத் துணைக்கோள் அல்லவா? வழக்கில் அந்தத் 'துணை' இல்லை, அதனால் எழுத்துக்கு எழுத்து பார்த்தால் நம் சொல்லுக்குச் 'செயற்கைக் கிரகம்' என்றே பொருள் வருகிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பொருளுக்கும் ஆள் உண்டு. 1959 ஜனவரியில் நிலாவைக் குறிவைத்துப் போன சோவியத் கலமான லூனா 1, இலக்கைத் தவறவிட்டு, சூரியனைச் சுற்றத் தொடங்கிவிட்டது!

அதற்காகச் சொல்லை மாற்ற வேண்டாம், வானிலைக்கும் டிவிக்கும் 35,786 கி.மீ. உயரத்தில் நிற்பவற்றைச் செயற்கைக்கோள் என்றால் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் வெளிக்கோள்களை ஆராயப் போன வாயேஜரைச் செயற்கைக்கோள் என்று எழுதுவதுதான் உறுத்துகிறது. அது எதையும் சுற்றவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. அதற்கு விண்கலம் என்பதே சரி. வேற்றுத் தரையில் இறங்கும் லேண்டருக்குத் 'தரையிறங்கி' என்ற சொல் சரி. அங்கே ஊர்ந்து திரியும் ரோவரை 'உலாவி' என்றால் இணைய உலாவியோடு மோதும், ஊர்தி என்றால் போதும்.

ஒரு கோளைச் சுற்றிவரும் ஆர்பிட்டருக்குச் சுற்றுகலன் என்பது எனக்குப் பிடித்த சொல், ஏனென்றால் சுற்றுவதில்தான் அதன் பலமே இருக்கிறது. 1971 நவம்பரில் அமெரிக்காவின் மரைனர் 9 சுற்றுகலன் செவ்வாயை அடைந்தபோது கோள் முழுக்கப் புழுதிப் புயல், சில எரிமலைகளின் உச்சி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கலம் சுற்றிக்கொண்டே காத்திருந்தது, புழுதி அடங்கியதும் ஏறக்குறைய முழுக் கோளையும் படம் பிடித்தது. கடந்து போகிற கலமாக இருந்திருந்தால் வெறும் புழுதியைப் பிடித்துக்கொண்டு போயிருக்கும்.