மூன்றில் இரண்டு பங்கு ஊகம்: ரா வீடியோவில் நிறம் உருவாகும் விதம்

பெங்களூர் அல்சூரில் திருமண வீடியோ எடுக்கும் வாசகர் ஒருவர் அண்மையில் ஒரு சிறிய சினிமா கேமராவை செகண்ட்ஹேண்டில் வாங்கியிருக்கிறார். முதல் முகூர்த்தத்தை ரா (RAW) வடிவத்தில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தபோது படம் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் வெளிறிக் கிடந்திருக்கிறது. மணப்பெண்ணின் ஜரிகைக் கரையில் நேரில் இல்லாத வானவில் கோடுகள் நெளிந்திருக்கின்றன. மேடைக்குப் பின்னால் இருந்த வெள்ளை விளக்குகளின் ஒளியைக் குறைத்துப் பார்த்தால் அவை இளஞ்சிவப்பாகிவிட்டன. "மாப்பிள்ளையின் தம்பி செல்போனில் எடுத்தது பளிச்சென்று இருக்கிறது சார், இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கேமராவில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டிருக்கிறார். கோளாறு எதுவும் இல்லை. அவர் பார்த்த மூன்றுமே ரா என்பது இன்னும் படமாகாத அளவீடுகளின் தொகுப்பு என்பதால் நேர்ந்தவை.

சிலிக்கானில் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடும், அவற்றை எண்ணி எண்களாக மாற்றலாம் என்பது பள்ளிப் பாடம். சிலிக்கானுக்கு நிறம் தெரியாது என்பதைத்தான் பாடத்தில் விட்டுவிடுகிறார்கள். விழுந்த ஒளி எவ்வளவு என்று அது சொல்லும். அது சிவப்பா பச்சையா என்று சொல்லாது. ஆகவே சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின் தலைமீதும் ஒரு மிகச்சிறிய வண்ண வடிகட்டியை வைக்கிறார்கள். இரண்டுக்கு இரண்டாக நான்கு புள்ளிகளை எடுத்துக்கொண்டால் மூலைவிட்டத்தில் இரண்டு பச்சை, எஞ்சிய இரண்டில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இந்தச் சதுரம் சென்சார் முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவரின் யோசனை இது. 1976-இல் காப்புரிமை பெற்றது. பச்சைக்கு மட்டும் இரட்டைப் பங்கு கொடுத்ததற்குக் காரணம் நம் கண். ஒரு காட்சியின் வெளிச்சத்தையும் நுணுக்கத்தையும் நாம் பெரும்பாலும் பச்சையை ஒட்டிய அலைநீளங்களிலிருந்தே அறிகிறோம். எச்டி தொலைக்காட்சித் தரத்தில் ஒரு புள்ளியின் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு ஏறத்தாழ 72 விழுக்காடும், சிவப்புக்கு 21 விழுக்காடும், நீலத்துக்கு வெறும் 7 விழுக்காடும் எடை தருகிறார்கள்.

இதன் விளைவை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது, ஆனால் திரையில் காட்ட ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறங்கள் தேவை. அப்படியானால் நாம் பார்க்கும் வண்ணப் படத்தின் எண்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உண்மையில் அளக்கப்பட்டது; மீதி இரண்டு பங்கும் கணக்குப் போட்டு ஊகித்து நிரப்பப்பட்டவை. 4கே சென்சார் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால் அதில் ஏறத்தாழ 88 லட்சம் புள்ளிகள் உண்டு என்பது உண்மைதான். சிவப்பை அளந்தவை அவற்றில் 22 லட்சம் என்பதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை.

இப்படி ஊகிக்கும் வேலைக்கு டிமொசைக் என்று பெயர். எடிட்டிங் அறைகளில் டிபேயர் என்பார்கள். ரா வீடியோவில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிவப்பு வடிகட்டி உள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் பச்சை மதிப்பு நமக்கு வேண்டும். அதன் நான்கு பக்கமும் பச்சைப் புள்ளிகள்தான்: இடப்பக்கம் 410, வலப்பக்கம் 400, மேலே 900, கீழே 120 என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 457.5 வரும். எளிய வழி, ஆனால் தவறான வழி. இடமும் வலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, மேலும் கீழும் 780 வேறுபடுகின்றன என்றால், நம் புள்ளி கிடைமட்டமாக ஓடும் ஒரு விளிம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அது ஜரிகைக் கரை முடிந்து சேலையின் உடல்பகுதி தொடங்கும் இடமாக இருக்கலாம். அந்த விளிம்பைத் தாண்டி மேலும் கீழும் சராசரி எடுத்தால் கரையின் பொன்னும் உடலின் அரக்கும் கலந்து, இரண்டிலும் சேராத ஒரு நிறம் பிறக்கும். எனவே விளிம்பின் போக்கிலேயே போய் இடம், வலம் இரண்டை மட்டும் சராசரி எடுக்க வேண்டும்: 405.

இதோடு நிறுத்தினாலும் படம் ஓரளவு தேறும். ஆனால் கோடக்கிலேயே ஹாமில்டன், ஆடம்ஸ் என்ற இருவர் இன்னும் ஒரு படி சென்றார்கள். 1997-இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு பொருளின் மேற்பரப்பில் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் சிவப்பும் பச்சையும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதுதான் அவர்கள் பிடித்துக்கொண்ட நூல். நம் புள்ளியில் சிவப்பு 640 என்று அளந்திருக்கிறோம். இடப்பக்கம் இரண்டு தள்ளி இருக்கும் சிவப்பு 620, வலப்பக்கம் இரண்டு தள்ளியும் 620. அப்படியானால் நடுவில் உள்ள பச்சைப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் சிவப்பு 630 அளவுக்கு இருந்திருக்கும். அங்கிருந்து நம் புள்ளிக்கு வரும்போது சிவப்பு 10 கூடுகிறது. ஆகவே பச்சையும் 10 கூடியிருக்க வேண்டும். 405 அல்ல, 415. பச்சையை அளக்காத புள்ளியின் பச்சையைத் திருத்த, அதே புள்ளியில் அளந்த சிவப்பே சாட்சி சொல்கிறது. குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலம் தெரியாத சொல்லின் எழுத்தை மேலிருந்து கீழ் வரும் சொல் காட்டிக்கொடுப்பதுபோல ஒரு நிறம் மற்றொன்றைக் காட்டிக்கொடுக்கிறது. கூட்டல், கழித்தல், நான்கால் வகுத்தல் தவிர இதில் வேறு கணிதமே கிடையாது. இதை ஒரு ஃபிரேமுக்கு 88 லட்சம் இடங்களில், நொடிக்கு 24 ஃபிரேம்களுக்குச் செய்ய வேண்டும். ரா காட்சிகளை ஓட்டும்போது கணினியின் விசிறி அலறுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இனி வானவில் கோடுகளுக்கு வரலாம். இந்தக் கணக்கு முழுவதும், காட்சியில் உள்ள நுணுக்கம் புள்ளிகளின் இடைவெளியைவிடப் பெரியது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. சிக்பேட்டைக் கடையில் விரித்துக் காட்டும் நல்ல பட்டின் நெசவைக் கொஞ்சம் தள்ளி நின்று படமெடுத்தால் அதன் இழைகள் புள்ளிகளின் இடைவெளிக்கு நெருங்கிவிடும். ஒளிரும் இழை பச்சைப் புள்ளிகளின் மேலும் இருண்ட இழை சிவப்புப் புள்ளிகளின் மேலும் விழுந்தால், அங்கே பச்சை நிறம் இருக்கிறது என்றுதான் எந்தக் கணக்கும் முடிவு செய்யும். நான்கு விரற்கடை தள்ளி இழைகள் இடம் மாறி விழும். அங்கே சிவப்பு என்று முடிவு செய்யும். அதனால்தான் கோடுகள் நெளிகின்றன, கேமரா அசையும்போது அவையும் நகர்கின்றன. இதைத் தவிர்க்கச் சென்சாருக்கு முன்னால் ஒளியை மிகச் சிறிதளவு பிரித்து மங்கலாக்கும் ஒரு படிகத் தகட்டை வைப்பதுண்டு. பல சிறிய சினிமா கேமராக்களில், கூர்மை குறையும், விலை ஏறும் என்பதால், அந்தத் தகடு இருப்பதில்லை. எடிட்டிங்கில் இந்தக் கோடுகளை முழுவதும் போக்குவது கடினம்; ஒரு அடி முன்னே போவதோ லென்சின் குவிய தூரத்தை மாற்றுவதோ மிக எளிது.

இங்கே ஒரு சொந்தக் கருத்து. பேயர் இந்த வடிகட்டிக்குக் காப்புரிமை பெற்ற காலத்தில் கடைகளில் வாங்க ஒரு வண்ண டிஜிட்டல் கேமராகூடக் கிடையாது. அதே கோடக்கில் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கிய கேமரா, 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. பயன் எப்போது வரும் என்று தெரியாத ஒரு வேலைக்குச் சம்பளம் கொடுத்த நிறுவனம் 2012-இல் திவால் மனு தாக்கல் செய்தது என்பது தனிக்கதை. அந்த வேலை மட்டும் இன்று ஏறக்குறைய எல்லாச் செல்போனிலும் இருக்கிறது. 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மங்கள்யானின் வண்ணக் கேமராவும், 2048-க்கு 2048 புள்ளிகளின் மேல் இதே பேயர் அமைப்பைத் தாங்கியதுதான். அந்த எண்கள் வந்து இறங்கியது நம் பெங்களூரை அடுத்த, இஸ்ரோவின் ஆன்டெனா நிலையம் உள்ள பயலாலுவில். நம் நாட்டில் ஓர் ஆய்வுத் திட்டத்துக்கு மூன்றாண்டு நிதி கொடுத்து, மூன்றாம் ஆண்டு இறுதியில் விளைவையும் நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்கும் வழக்கத்தில் பேயர் போன்ற ஒருவர் தேறியிருப்பாரா என்பது எனக்கு ஐயமே. "இந்தக் கம்பெனி கேமராவுக்குத்தான் நம்மவர் தோல் நிறம் ராசி" என்று சினிமாக்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போதும் சிரிப்பு வருகிறது. பூஜை போட்டுப் படப்பிடிப்பைத் தொடங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தோலின் நிறம் வடிகட்டிச் சாயத்தாலும் அதன்பின் வரும் பெருக்கல்களாலும் அமைவது, ராசியால் அல்ல.

சாம்பல் வெளிறலை விரைவாகச் சொல்லிவிடலாம். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுகிறது. அந்த எண்ணை 12 பிட்டில், அதாவது 12 இரும இலக்கங்களில், எழுதினால் 4,096 படிகள் உண்டு. ஒளி இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்போம். மிகப் பிரகாசமான ஸ்டாப் மட்டுமே 2,048 படிகளை விழுங்கிவிடும், அடுத்தது 1,024, அதற்கடுத்தது 512. பத்தாவது ஸ்டாப்புக்கு வருகையில் மிஞ்சுவது 4 படிகள். மணப்பெண்ணின் கூந்தல் அங்கேதான் இருக்கும். எனவே பல கேமராக்கள் அதிக பிட்டில் அளந்துவிட்டு, மடக்கை (லாக்) வளைவின்படி எல்லா ஸ்டாப்புகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் படிகளைப் பங்கிட்டு எழுதுகின்றன. அந்த வளைவை நிமிர்த்தாமல் திரையில் காட்டினால் சாம்பல்தான் தெரியும். எடிட்டிங் மென்பொருளில் சரியான வண்ணவெளி மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தால் அரை நிமிடத்தில் சரியாகும்.

இளஞ்சிவப்பு விளக்குகள் அதைவிடச் சுவையானவை. பெரும்பாலான சென்சார்களில் பச்சைப் புள்ளிகளே அதிக ஒளி பெறுகின்றன. வெள்ளைச் சுவரை வெள்ளையாகக் காட்டச் சிவப்பையும் நீலத்தையும் பெருக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்பது இந்தப் பெருக்கல்தான், ரா கோப்பில் அது பின்னால் செய்யப்படுவதால்தான் இஷ்டம்போல் மாற்ற முடிகிறது. விளக்கு மிகப் பிரகாசமாக இருந்தால் மூன்று நிறமும் உச்சமான 4,095-இல் முட்டி நின்றுவிடும். சிவப்பை 2 ஆலும் நீலத்தை 1.5 ஆலும் பெருக்கினால் 8,190, 4,095, 6,142 என்றாகிறது. திரையின் எல்லையைத் தாண்டிய எல்லாமே வெள்ளையாகத் தெரிவதால் இந்தச் சமமின்மை முதலில் கண்ணில் படாது. ஒளியைக் குறைத்து அந்த எண்களை எல்லைக்குள் இறக்கியதும், பச்சை குறைந்து நிற்கும் வெள்ளை இளஞ்சிவப்பாகக் காட்சியளிக்கிறது. முட்டாத நிறம் ஒன்றாவது எஞ்சியிருந்தால், மென்பொருளின் ஹைலைட் ரெக்கவரி வசதி அதை வைத்து மற்றவற்றை ஊகிக்கும். மூன்றுமே முட்டியிருந்தால் ஊகிக்க ஆதாரமே இல்லை. ராவில் எதையும் மீட்கலாம் என்று நம்பி வெளிச்சத்தை அள்ளிவிடக் கூடாது என்பது இதனால்தான்.

செல்போன் இந்த எல்லா வேலைகளையும் பதியும் அந்த நொடியிலேயே தானாகச் செய்து, முடிவைப் பெரும்பாலும் 8 பிட்டில் இறுக்கி எழுதிவிட்டு, மூல எண்களை எறிந்துவிடுகிறது. ராவில் மூல எண்கள் கையில் இருக்கின்றன. அதற்குத் தரும் விலை சேமிப்பிடம். 4096-க்கு 2160 புள்ளிகளை 12 பிட்டில், நொடிக்கு 24 ஃபிரேமாகச் சுருக்காமல் எழுதினால் நொடிக்கு ஏறத்தாழ 318 மெகாபைட், இரண்டு மணி நேரத் திருமணத்துக்கு 2.3 டெராபைட். டிமொசைக் செய்துவிட்டு எழுதினால் இதுவே மூன்று மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கேமரா நிறுவனமான பிளாக்மேஜிக் 2018-இல் கொண்டுவந்த ரா வடிவம் டிமொசைக்கில் ஒரு பகுதியைக் கேமராவுக்குள்ளேயே முடித்துச் சுருக்கியும் எழுதுகிறது; கறாராகப் பார்த்தால் அது முழு ரா இல்லை என்று வாதிடலாம், ஆனால் 12-க்கு 1 என்ற சுருக்கத்தில் அதே இரண்டு மணி நேரம் ஏறத்தாழ 190 ஜிபியில் அடங்கிவிடும். அல்சூர் வாசகர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஹார்ட் டிஸ்க் அடுக்குவதற்கு முன், மஞ்சள் விளக்கும் எல்இடியும் கலந்து அடிக்கும் மேடைக்கும் தாலி கட்டும் நேரத்துக்கும் மட்டும் குறைந்த சுருக்கத்தில் ராவை வைத்துக்கொண்டு, பந்தியையும் மொய் எழுதும் மேசையையும் சாதாரண வடிவத்தில் எடுத்துப் பார்க்கலாம்.