எஃப்ஐஆர் இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், தனியார் ஆஸ்பத்திரி உட்பட. மறுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 200-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. சட்டம் இவ்வளவுதான். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து கிளம்பும் ஒரு குடும்பம் எங்கெங்கே தடுக்கப்படும் என்பதுதான் தெரிய வேண்டியது.

முதல் தடை ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே: "போலீஸ் மெமோ எங்கே?" பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் எந்தக் காகிதத்தையும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்று 2020 போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) விதி 6 சொல்கிறது. மனநல ஆலோசனைக்கு அனுப்புவதும் அதே விதியில்தான் இருக்கிறது. விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மறுப்பவரின் குரல் தானாக இறங்கும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அதனால் மெமோவுக்காகக் காத்திருக்காதீர்கள். நாளாகிவிட்டாலும் போங்கள், ஆலோசனைக்குக் காலக்கெடு கிடையாது.

அடுத்தது ஸ்டேஷன். வயநாட்டுக்கு வேலைக்குப் போன இடத்தில் நடந்தது என்றால், "அது கேரளா கேஸ், அங்கே போங்க" என்பார்கள். போக வேண்டாம். எங்கே நடந்திருந்தாலும் அருகிலுள்ள ஸ்டேஷன் புகாரைப் பதிவு செய்து அனுப்பியாக வேண்டும். பணியர் பழங்குடிக் குடும்பம் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால்தான் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்ப்போம் என்பதும் வழக்கமான பேச்சு. எஃப்ஐஆர் போட அது முன்நிபந்தனை அல்ல. அந்தப் பிரிவு சேர்ந்தால் விசாரணைக்குப் போய்வரும் பஸ் கட்டணமும் கிடைக்கும். ஊட்டிக்கு ஏறி இறங்குகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது ஆலோசனை நடக்கும் விதம். ஒரே ஒரு தடவை உட்காரவைத்து, "பயப்படாதேம்மா, படிப்பைப் பாரு" என்று சொல்லிவிட்டு, 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற வரியின் கீழ் தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அதோடு ஃபைல் மூடியது. அடுத்த தேதியைச் சீட்டில் எழுதித் தரும்வரை எழுந்திருக்காதீர்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேளுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் ஆதரவு நபர் (வழக்கு முழுக்கக் குழந்தைக்குத் துணை நிற்பவர்) ஒருவரைக் கேட்டு வாங்குங்கள், உடனடிச் செலவுக்குச் சிறப்பு நிவாரணமும் கேளுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: 18 வயதுக்குக் கீழ் என்றால், விஷயம் தெரிந்த ஆலோசகர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து மறைத்தால் அவர்களுக்கும் ஆறு மாதம் வரை சிறை. வயது வந்த பெண்ணின் விஷயத்திலும் ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் தரும்; ஆனால் புகார் வேண்டாம் என்று அவர் சொல்லலாம், சிகிச்சை நிற்காது.

தவறு செய்தவன் நம் வீட்டுப் பையன் என்றால்? பயந்து வெளியூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். 18 வயது ஆகாதவன் என்றால், அந்த வயதினர் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனுக்கு ஆலோசனை, நடத்தை மாற்ற சிகிச்சை, மனநல உதவிக்கு உத்தரவிடலாம். யாரும் தானாகச் சொல்லமாட்டார்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு விசாரிக்க வரும்போதே சிகிச்சை வேண்டும் என்று சொல்லி, அவர் அறிக்கையில் எழுதவையுங்கள்.

பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416. மூன்றும் இலவசம். யாரிடம், எந்த நேரத்தில் பேசினீர்கள் என்று குறித்துவையுங்கள். "நீங்கள் கேட்கவே இல்லையே" என்று பின்னால் சொல்வார்கள்.