மல்லாந்து கிடக்கும் டரான்டுலாவைத் தொடாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி, துண்டில் சுற்றிய பிளாஸ்டிக் டப்பாவோடு கிளினிக்குக்கு வந்தார். உள்ளே மெக்சிகன் ரெட் நீ வகை டரான்டுலா என்ற பெரிய சிலந்தி, பெண். நகக்கண் அளவில் வாங்கி ஆறு வருடமாக வளர்க்கிறார். போன தீபாவளி சமயத்தில் கம்பிவலை மூடியில் நகம் மாட்டி அதற்கு ஒரு கால் போய்விட்டது. அப்போதே என்னிடம் கேட்டார், அடுத்த முறை சட்டை உரிக்கும்போது புதுக் கால் வந்துவிடும், தொந்தரவு செய்யாமல் விடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் பொறுமையாகத்தான் இருந்திருக்கிறார். கடைசியில் அந்த நாள் வந்தபோது, நடு ராத்திரியில் அது மல்லாந்து கிடப்பதைப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறது என்று பயந்து, திருப்பிப் போட்டு, தண்ணீர் தெளித்து, போதாதென்று இடுக்கியால் இழுத்தும் பார்த்திருக்கிறார்.

நான் பார்த்தபோது உடம்பு வெளியே வந்திருந்தது. இடப்பக்கம் இரண்டு கால்கள் மட்டும் பழைய தோலுக்குள் சிக்கி, வளைந்தபடியே இறுகிவிட்டிருந்தன. அந்தப் புதுக் கால், ஒல்லியாக, வெளிறிப்போய், ஆனால் எல்லாக் கணுவோடும் நகத்தோடும் அழகாக வந்திருந்தது. ஒரு கால் முளைத்த ராத்திரியிலேயே இரண்டு கால் போனது.

இந்த வருடத்தில் நான் பார்க்கும் நான்காவது டரான்டுலா இது, காரணமும் நான்கிலும் ஒன்றுதான். முதலில் தம்பி மேல் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், கால் வரும் என்று சொன்ன நான், அது வரும் நாளில் சிலந்தி எப்படிக் கிடக்கும் என்று அவருக்குச் சொல்லவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். டரான்டுலாவின் கால் பல்லி வால் மாதிரி முளைப்பதில்லை. நம் ஊரில் எல்லோரும் சுவரில் பல்லியைப் பார்த்து வளர்ந்தவர்கள், வால் அறுந்த இடத்தில் குட்டியாக மொட்டுவிட்டு வாராவாரம் நீளும் என்பது நமக்குப் பழக்கமான காட்சி. அதையே மனதில் வைத்துக்கொண்டு, கால் போன பத்தாம் நாளில் போட்டோ அனுப்புகிறார்கள், "இன்னும் ஒண்ணுமே வரலை டாக்டர்." இருபதாம் நாளில் இன்னொரு போட்டோ. ஒரு மாதத்தில் கடைக்காரர் சொன்னார் என்று வைட்டமின் சொட்டு, மஞ்சள் பத்து, ஹீட் லேம்ப் எல்லாம் ஆரம்பமாகிவிடும். வெளியே எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. சிலந்தியின் மேல்தோல் கெட்டியான ஓடு, அதற்கு மேல் எதுவும் மொட்டுவிட முடியாது. புதுக் கால் உடம்போடு ஒட்டியிருக்கும் அடிக்கணுவுக்குள்ளே, பழைய ஓட்டுக்கு அடியில், மடிந்து சுருண்டு வளர்கிறது. சட்டை உரியும் அந்தச் சில மணி நேரத்தில்தான், ஈரமும் மென்மையுமாக, முழுக் காலாக நீண்டு வெளியே வருகிறது. பல்லியின் புது வாலில் எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். சிலந்திக்கு இழந்த கணுக்கள் எல்லாமே திரும்பக் கிடைக்கின்றன. முதல் முறை மற்றக் கால்களைவிடக் குட்டையாகவும் மெலிதாகவும் இருக்கும், இரண்டு மூன்று உரிப்பில் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிடும்.

எப்போது வரும் என்பது வயதைப் பொறுத்தது. குட்டிகள் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை உரிக்கும், வளர்ந்த பெண் வருடத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு வருடம்கூட ஆகும். அடுத்த உரிப்பு நெருங்கிய பிறகு கால் போனால் உள்ளே வளர நேரம் இருக்காது, அந்த முறை வராது, அதற்கடுத்த முறைதான். முழு வளர்ச்சி அடைந்த ஆணுக்குப் பொதுவாக வரவே வராது, ஏனென்றால் அது கடைசிச் சட்டையை உரித்து முடித்துவிட்டது. ஆணா பெண்ணா என்று தெரியாதவர்கள் உரிந்த தோலைத் தூக்கிப் போடாமல் எடுத்து வாருங்கள். பெண், ஆணின் விந்தைச் சேர்த்துவைக்கும் பையின் தோலும் அதோடு சேர்ந்து உரிந்து வரும், சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த 'முளைத்துவிடும்' என்ற பேச்சினால் இன்னொரு கெடுதலும் நடக்கிறது. கால்தானே என்று இடுக்கியால் பிடித்துத் தூக்குகிறார்கள், நண்பர்கள் வந்தால் கையில் ஏறவிட்டு வீடியோ எடுக்கிறார்கள். அடிக்கணுவுக்கு அடுத்த மூட்டில் கால் கழன்றால் தசை சுருங்கிக் காயத்தின் வாயை மூடிவிடும், சிலந்தி பிழைத்துக்கொள்ளும். நடுக் காலில் உடைந்தால் அப்படி மூடாது. டரான்டுலா கால்களை நீட்டுவதே உள்ளே இருக்கும் ரத்தத்தின் அழுத்தத்தால்தான், அதனால் நீலம் பாய்ந்த அந்தத் திரவம் வேகமாகக் கசியும். கொஞ்சம் சோள மாவை ஒட்டிவிட்டு உடனே கொண்டு வாருங்கள், மஞ்சள் வேண்டாம், டெட்டால் வேண்டவே வேண்டாம். கையிலிருந்து தரையில் விழுந்து வயிறு கிழிந்தால் அதற்கு எந்தச் சட்டை உரிப்பும் உதவாது, பெரும்பாலும் செத்துப்போகும். தயவுசெய்து கையில் எடுக்காதீர்கள்.

சரி, உரிக்கப்போகிறது என்று எப்படித் தெரியும்? சாப்பிடாது. வாரக்கணக்கில், பெரியவை மாதக்கணக்கில்கூட. நிறம் மங்கும். ரெட் நீ மாதிரியான அமெரிக்க வகைகளில் முடி உதிர்ந்த வயிற்றுச் சொட்டை கறுத்துப் பளபளக்கும். இதைப் பார்த்ததுமே உள்ளே போட்ட கிரிக்கெட் பூச்சி, கரப்பான் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், ஒன்றுகூட இருக்கக் கூடாது, மென்மையான சிலந்தியை அவை கடித்துத் தின்றுவிடும். தண்ணீர்க் கிண்ணம் நிரம்பியிருக்கட்டும். சென்னை வெயிலுக்கு ஹீட் லேம்ப் எதற்கு? அணைத்துவிடுங்கள். கம்பிவலை மூடியை மாற்றித் துளை போட்ட அக்ரிலிக் மூடி வாங்குங்கள். வீட்டில் நாய்க்கு உண்ணி மருந்து அடிக்கும்போது இந்தப் பெட்டி வேறு அறையில் இருக்க வேண்டும், உண்ணியைக் கொல்கிற மருந்து இதையும் கொல்லும்.

அப்புறம் ஒரு நாள் அது மல்லாந்து படுக்கும். அசையாது. செத்த டரான்டுலா பெரும்பாலும் நிமிர்ந்தபடியே, கால்கள் எல்லாம் உடம்புக்கு அடியில் சுருண்டு கிடக்கும், ஏனென்றால் நீட்டுகிற அழுத்தம் போய் மடக்குகிற தசை மட்டும் மிஞ்சியிருக்கும். மல்லாந்திருந்தால் உரிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு அரை மணி நேரம் போதும், பெரியதுக்கு ஒரு நாள்வரைகூட ஆகலாம். திருப்பாதீர்கள், ஊதாதீர்கள், மேலே தண்ணீர் அடிக்காதீர்கள், பெட்டியைத் தட்டாதீர்கள். பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். முழு நாள் தாண்டியும் பாதியில் நின்றிருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் இழுப்பதும் வெட்டுவதும் வேண்டாம், இங்கே மயக்கம் கொடுத்து, கிளிசரின் தடவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் எங்களுக்கே எல்லா நேரமும் காலைக் காப்பாற்ற முடிவதில்லை. உரித்து முடித்த பிறகு பல் வெள்ளையாக இருக்கும், சிவக்கும், பிறகு கறுக்கும். கறுக்கும்வரை சாப்பாடு கிடையாது, பெரியதென்றால் இரண்டு வாரம் பொறுங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தபால் பொட்டலத்தில், சின்னச் சின்னக் குப்பிகளில் பஞ்சு வைத்து அடைத்த 107 உயிருள்ள சிலந்திகளைச் சுங்கத்துறை பிடித்தது. அப்படி அடைபட்டு வரும் குட்டிகளில் கால் போனவைதான் மலிவு விலையில் 'முளைச்சிடும்' என்று விற்கப்படுகின்றன. என்னிடம் வந்தவையே உண்டு. வாங்காதீர்கள். ரெட் நீ போன்றவை பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை, வைத்திருப்பவர்கள் இத்தகைய உயிரினங்களைப் பதிவு செய்வதற்கான 2024 விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

தம்பியின் சிலந்தி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. சிக்கிய இரண்டு கால்களையும் மயக்கத்தில் வைத்து மூட்டோடு கழற்றிவிட்டேன், இப்போது மெலிந்த புதுக் காலையும் சேர்த்து ஆறு கால். நேற்று போட்டோ அனுப்பினார், பல் சிவந்திருக்கிறது. இன்னும் ஒரு வாரம் சாப்பாடு போடாதீர்கள் என்று பதில் அனுப்பினேன்.