கர்ணம் என்கிற ஹைபோடனியூஸ் என்கிற செம்பக்கம்

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே சாய்வாகக் கிடக்கும் பக்கம், மூன்றிலும் நீளமானது. ஆங்கிலத்தில் ஹைபோடனியூஸ். தமிழ்நாட்டுப் பாடநூலில் கர்ணம். இலங்கைப் பாடநூலில் செம்பக்கம். எங்கள் டர்பன் பட்டறைகளில் ஆங்கிலப் பெயர் மட்டும்தான் காதில் விழும். அதுவும் வாயில் நுழையாமல் 'டயகனல்' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

நான் மில்ரைட் வேலை பார்த்தவன். தென்னாப்பிரிக்காவில் மில்ரைட் என்றால் ஃபிட்டர் வேலையும் எலெக்ட்ரிஷியன் வேலையும் தெரிந்த ஆள். ஆலையில் எது நின்றுபோனாலும் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். அதில் ட்ரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர்களுக்காகப் பலகையில் ஒருநாள் 'கர்ணம்' என்று எழுதினேன். "மகாபாரதத்தில் வருகிற கர்ணனா, அங்கிள்?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டது அப்படியொன்றும் தப்பில்லை.

கர்ணம் வடசொல். முதற்பொருள் காது. குண்டலத்தோடு பிறந்தவன் கர்ணன். பெயரிலேயே காது இருக்கிறது. காதுக்குக் கொடுமையாக ஒலிப்பது கர்ணகடூரம். எழுத்தில் இல்லாமல் வாய்வழியாகவும் செவிவழியாகவும் வந்த கதை கர்ணபரம்பரைக் கதை. ஊர்க்கணக்கு எழுதிய கர்ணம் மட்டும் வேறு வகை: அது 'கரணம்' என்ற சொல்லிலிருந்து திரிந்தது, காதுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

சரி, காது எப்படிச் சாய்ந்த கோடாயிற்று? ஒரு பொருளின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதைக் காது என்பது நமக்கும் பழக்கம்தான். ஊசிக்குக் காது உண்டு, அண்டாவுக்குக் காது உண்டு. இயந்திரத்தைத் தூக்குவதற்காக அதன் மேல் பற்றவைத்த வளையத்தையும் பையன்களிடம் நான் காது என்றே சொல்வேன். கட்டத்தின் மூலையையும் அப்படிப் பார்த்தால், ஒரு காதிலிருந்து எதிர்க்காது வரை இழுத்த கோடு கர்ணம். நான் இப்படித்தான் விளக்குகிறேன், பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

இதைவிடப் பழைய பெயர் ஒன்று உண்டு; எனக்குப் பிடித்தது அதுதான். வேள்வி மேடை கட்ட அளவு சொல்லும் வடமொழி நூல்களுக்குச் சுல்ப சூத்திரங்கள் என்று பெயர். கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தவை. சுல்பம் என்றாலே கயிறு. அவற்றில் இந்தக் கோட்டின் பெயர் 'அக்ஷ்ணயா ரஜ்ஜு', அதாவது குறுக்குக் கயிறு. நீள்சதுரத்தின் குறுக்கே பிடித்த கயிற்றின் மேல் ஒரு சதுரம் கட்டினால், அதன் பரப்பு நீளத்தின் மேலும் அகலத்தின் மேலும் கட்டிய இரண்டு சதுரங்களின் பரப்புக்குச் சமம் என்று பௌதாயனரின் சூத்திரம் சொல்கிறது. பள்ளியில் பித்தாகரஸ் பெயரில் படித்த அதே சங்கதி.

கிரேக்கர்களும் கயிற்றை விடவில்லை. 'ஹைபோ' என்றால் கீழே. 'டெய்னெய்ன்' என்றால் இழுத்து நீட்டுவது. செங்கோணத்துக்கு அடியில் இழுத்து நீட்டியது ஹைபோடனியூஸ். வட்டத்துக்குள் இழுத்த கோட்டை ஆங்கிலத்தில் 'கார்ட்' என்பதும், நாம் நாண் என்பதும் இதே வழிதான். பழைய வடிவக்கணக்கு முழுக்க முளையும் கயிறும்தான் போலிருக்கிறது.

அந்தக் கயிறு இன்னும் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பாரத்தைக் கட்டித் தூக்கும் ரிக்கரைக் கேளுங்கள். இரண்டு கால் ஸ்லிங்கை, அதாவது பாரம் தூக்கும் கயிற்றை, கொக்கியில் மாட்டிச் சுமையைத் தூக்கும்போது ஒவ்வொரு காலும் ஒரு கர்ணம். கொக்கியிலிருந்து சுமையின் காது மட்டத்துக்கு இறங்கும் உயரம் ஒரு பக்கம். இரண்டு காதுகளுக்கு நடுவிலுள்ள தூரத்தில் பாதி இன்னொரு பக்கம். 2 டன் கியர்பாக்ஸ், காதுகளுக்கு இடையே 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 1.2. ஸ்லிங் கால் 2 மீட்டர் நீளம் என்றால் உயரம் 1.6 மீட்டர் வரும். ஒரு காலில் விழும் இழுவை எவ்வளவு? சுமையில் பாதியை ஸ்லிங் நீளத்தால் பெருக்கி, உயரத்தால் வகுக்க வேண்டும்: 1 டன் × 2 ÷ 1.6, ஆக 1.25 டன். பயமில்லை.

கூரை தாழ்வாக இருக்கிறது என்று யாரோ 1.3 மீட்டர் ஸ்லிங்கை எடுத்து வந்தால்? உயரம் அரை மீட்டர்தான் மிஞ்சும். 1 டன் × 1.3 ÷ 0.5, ஆக 2.6 டன். முழுச் சுமையே 2 டன்தான். ஒரு கால் மட்டும் அதைவிட அதிகம் தாங்க வேண்டியிருக்கிறது! இரண்டு கால்களுக்கு நடுவே 120 டிகிரிக்கு மேல் விரிய விடாதே என்ற பட்டறை விதி இதனால் வந்தது. 120 டிகிரியில் ஒவ்வொரு காலிலும் முழுச் சுமைக்குச் சமமான இழுவை விழும். மேலே சொன்ன குட்டை ஸ்லிங் அந்த எல்லையையும் தாண்டி, 135 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கோணத்தை வைத்தே கணக்குப் போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் "60 டிகிரி" என்று ஒருவர் கத்தினால், தரையிலிருந்து 60-ஆ, தொங்குநூலிலிருந்து 60-ஆ? அட்டவணைக்கு அட்டவணை மாறும். அதே 2 டன் சுமைக்கு முதலாவதில் ஒரு காலுக்கு 1.155 டன், இரண்டாவதில் 2 டன். டேப்பை எடுத்து நீளத்தையும் உயரத்தையும் அளந்துவிட்டால் இந்தக் குழப்பமே கிடையாது. எனக்கு எப்போதும் டேப்தான்.

அளந்தால் மட்டும் போதாது, எந்தப் பக்கத்தை அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். அப்ரெண்டிஸாக இருந்தபோது டர்பனுக்கு வடக்கே கடற்கரைப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை மேலே ஏற்றும் கன்வேயருக்குச் சட்டம் வெட்டச் சொன்னார்கள். வரைபடத்தில் 12 மீட்டர் என்று போட்டிருந்தது. சட்டத்தின் நீளம் 12 என்று நானாக முடிவு செய்து, இரண்டு பக்கச் சட்டத்தையும் வெட்டிவிட்டேன். 12 என்பது தரை நீளம். உயரம் 5. பன்னிரண்டு பன்னிரண்டு 144, ஐயைந்து 25, கூட்டினால் 169, வர்க்கமூலம் 13. சட்டம் ஒரு மீட்டர் குறைந்தது. ஃபோர்மன் நம்மவர்தான், வயதானவர். திட்டவில்லை. சட்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துவிட்டு, "மீதி ஒரு மீட்டரைச் சக்கை தாண்டிக் குதிக்குமா தம்பி?" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இனி செம்பக்கத்துக்கு வருவோம். செம்மை + பக்கம். செம்மை என்றால் நேர், கோணலில்லாமை. செங்கோல், செங்குத்து, செங்கோணம் எல்லாவற்றிலும் இருப்பது அதே செம்மை. செங்கோணத்துக்கு உரிய பக்கம் என்ற பொருளில் செம்பக்கம் என்று அமைத்திருக்கிறார்கள். கேட்க அழகு, எழுதச் சுருக்கம், இலங்கையில் பல தலைமுறை மாணவர்கள் பழகிய சொல். தமிழ்ச் சொல் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சரியான சொல்.

ஒரு குறை சொல்லவேண்டும். புதிதாகக் கேட்கும் பையன் செங்குத்தை நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும் பக்கம்தான் செம்பக்கம் என்று விரலை வைக்கிறான். மூன்று பக்கங்களில் சாய்ந்தது அது ஒன்றுதான். பெயரோ நேர் என்கிறது. பள்ளியில் நாங்கள் கட்டாயமாகப் படித்த ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் இதற்குப் பெயர் 'ஸ்கெய்ன்ஸ்சை'. சாய்ந்த பக்கம், அவ்வளவுதான். கிரேக்கமும் இல்லை, காதும் இல்லை. அந்த மொழி மேல் எங்கள் தலைமுறைக்கு ஆசை கிடையாது, ஆனால் இந்த ஒரு சொல்லுக்காக மெச்சத்தான் வேண்டும். அதற்காகச் சாய்பக்கம் என்று நான் புதிதாக ஒன்று கிளப்பப் போவதில்லை; இருக்கிற பெயர்களே போதும். செங்கோணத்தின் கண்ணெதிரே இருப்பது செம்பக்கம் என்று சொல்லிக்கொடுத்தால் விரல் சரியான இடத்துக்குப் போய்விடுகிறது.

கர்ணம் பற்றிப் பேசினால் யாராவது அந்தப் பழைய வாய்க்கணக்கைக் கொண்டுவருவார்கள். நீளப் பக்கத்தில் எட்டில் ஒன்றைக் கழி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும், வர்க்கமூலமே வேண்டாம். 4-க்கும் 3-க்கும் 5 வருகிறது. 12-க்கும் 5-க்கும் 13 வருகிறது. தமிழன் பித்தாகரஸை மிஞ்சிவிட்டான் என்று வாட்ஸப்பில் மாதம் ஒருமுறை எனக்கு வரும். 1000 மில்லிமீட்டர் சதுரத் தகட்டில் போட்டுப் பாருங்கள்: 1375 என்கிறது. உண்மை 1414. முப்பத்தொன்பது மில்லிமீட்டர் குறைகிறது! கொத்தனார் மனக்கணக்காகத் தோராயம் பார்க்க அருமையான விதி, கெட்டிக்காரத்தனமும்கூட. லேத்துப் பக்கம் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

லேத்து, மில்லிங் வேலைக்காரர்களுக்குக் கர்ணம் கைக்கு அடக்கமாக வரும் இடம் சைன் பார்: கோணத்தைத் துல்லியமாக அமைக்க, இரு முனையிலும் உருளை பொருத்திய பட்டை. இரண்டு உருளைகளின் மையத்துக்கு மையம் சரியாக 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 100-தான் கர்ணம், அது மாறவே மாறாது. ஒரு முனைக்கு அடியில் ஸ்லிப் கேஜ் என்ற துல்லிய அளவுக் கட்டைகளை அடுக்கி உயர்த்தினால் கோணம் கிடைக்கும். 30 டிகிரிக்கு 50 மில்லிமீட்டர், 5 டிகிரிக்கு 8.716. பட்டையின் ஓரத்துக்கு ஓரம் அளந்து அதைக் கர்ணமாக எடுத்துக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். மையத்துக்கு மையம்தான் கணக்கு.

கடைசியாக அந்த 'டயகனல்'. அதற்குத் தமிழில் தனியாக மூலைவிட்டம் என்ற சொல் இருக்கிறது. நாற்கரத்தில் எதிரெதிர் மூலைகளைச் சேர்க்கும் கோடு. நீள்சதுரத்தை மூலைவிட்டம் இரண்டாக வெட்டினால், அதே கோடு இரண்டு பக்கத்து முக்கோணங்களுக்கும் செம்பக்கம் ஆகிவிடுகிறது. கோடு ஒன்றுதான், எந்த உருவத்துக்குள் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயர். இயந்திரத்தின் அடிச்சட்டம் 2400-க்கு 1800 என்றால் மூலைக்கு மூலை 3000 வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வந்துவிட்டால் சட்டம் மூலைமட்டமாக இருக்கிறது என்று கையை உதறிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் குறுகி இன்னொரு பக்கம் அகன்ற சரிவகச் சட்டத்திலும் அவை சமமாக வரலாம். எதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் டேப்பை வைத்துப் பாருங்கள். அப்புறம் மூலைவிட்டம்.