காந்தத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடம் என் வேலையைச் சொன்னால் பெரும்பாலும் வருவது இந்தக் கேள்விதான்: "வலிமையைச் சொல்லித்தானே காந்தத்தை விற்கிறார்கள், அப்புறம் எதுக்கு சார் மாசக்கணக்கில் அளக்கிறீங்க?" நியாயமான கேள்வி.

நான் அளப்பது அண்டுலேட்டர்களை. இந்தூரில் இண்டஸ்-2 என்ற சிங்க்ரோட்ரான், அதாவது எலக்ட்ரான்களை வளையத்தில் ஓடவிட்டு ஒளி எடுக்கும் இயந்திரம், இருக்கிறது. சுமார் 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓடுகின்றன. இத்தகைய வளையங்களின் நேரான பகுதியில், மேலும் கீழும் இரண்டு காந்த வரிசைகளைச் செருகுவோம், அதுதான் அண்டுலேட்டர். வடக்கும் தெற்கும் மாறி மாறி வருவதால் நடுவே போகும் எலக்ட்ரான் இடமும் வலமுமாக நெளியும். நெளியும்போது ஒளி விடும். ஒரு நெளிவின் நீளம் 5 செ.மீ. என்றால், இந்த ஆற்றலில் அது 5 கோடி மடங்கு சுருங்கி சுமார் 1 நானோமீட்டர் எக்ஸ் கதிராக வெளிவரும். புலம் கூடக்கூட அலைநீளமும் கூடும்.

இப்போது கேள்விக்கு வருவோம். நியோடிமியம் காந்தக் கட்டிகள் ஒரே உலையில் வந்தாலும் ஒன்றுபோல இருக்காது. வலிமை ஒரு சதவீத அளவில் மாறும், காந்தத் திசை ஒரு டிகிரி அளவில் சாயும். ஒவ்வொரு கட்டியையும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் என்ற இரட்டைக் கம்பிச்சுருளில் வைத்து அளந்து, ஒன்றின் குறையை அடுத்தது ஈடுகட்டும்படி கணினியில் வரிசை போடுகிறோம். பூட்டிய பிறகு கருங்கல் மேசையில் ஹால் புரோபை (காந்தப் புலத்தை அளக்கும் சின்ன உணரியை) ஓட்டி, புள்ளி புள்ளியாகப் புலத்தை எடுக்கிறோம்.

இதில் நாங்கள் மிகவும் பயப்படுவது கட்டப் பிழைக்குத்தான், அதாவது ஒளி அலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்கு. ஒரு துருவம் கொஞ்சம் வலுத்தால், அங்கே பிறந்த ஒளி மற்றவற்றோடு கட்டம் சேராமல் போகும். சராசரி பிழை 10 டிகிரி இருந்தால் முதல் ஹார்மோனிக்கில் (அடிப்படை அலைநீளத்தில்) 97 சதவீத ஒளி கிடைக்கும், நஷ்டம் தெரியாது. ஏழில் ஒரு பங்கு அலைநீளமுள்ள ஏழாவது ஹார்மோனிக்கில் 22 சதவீதம்தான் மிஞ்சும். பிழையை 3 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அதே ஏழாவதில் 87 சதவீதம். இதற்காக, காந்தத்தின் முகத்தில் மெல்லிய இரும்புத் தகடுகளை ஒட்டுகிறோம், ஷிம் என்போம். மேல், கீழ் வரிசைகளுக்கு நடுவிலுள்ள ஒரு இடைவெளியில் சரி செய்தது இன்னொரு இடைவெளியில் கெட்டுப்போகும், அதனால் எல்லா இடைவெளியிலும் மறுபடி அளக்க வேண்டும். மாதங்கள் போவது இதில்தான்.

நம்மூர்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது அடுத்தது. எலக்ட்ரான் எவ்வளவு நெளிந்தாலும், நுழைந்த கோட்டிலேயே வெளியேற வேண்டும். இதைப் பார்க்க, காந்தங்களுக்கு நடுவே நீளமாக ஒரு கம்பிச்சுருளைக் கட்டித் திருப்பி, அதில் எழும் மின்னழுத்தத்தைத் தொகுக்கிறோம். இப்படித் தொகுத்த புலம் (காஸில் சொல்லும் புலம் × சென்டிமீட்டரில் நீளம்) இண்டஸ்-2 ஆற்றலில் 100 காஸ்-சென்டிமீட்டர் மிச்சமிருந்தால், 20 மீட்டர் தாண்டிக் கற்றை கால் மில்லிமீட்டர் விலகி நிற்கும். பூமியின் புலமே டெல்டாவில் சுமார் 0.4 காஸ், 3 மீட்டர் நீளத்துக்குத் தொகுத்தால் 120 காஸ்-சென்டிமீட்டர்! அதாவது, பூமியைக் கணக்கில் எடுக்காத அளவீடு மொத்தமாகவே தவறாகிவிடலாம். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கமாகப் போவதால் நம் ஊரில் அந்தப் புலம் ஏறக்குறைய படுக்கையாக வடக்கு நோக்கி இருக்கும். இந்தூரில் நன்றாகவே கீழ்நோக்கிச் சாயும். ஆக, ஓரிடத்தில் எடுத்த திருத்தத்தை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கிப் போக முடியாது. மேசை எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்பதும் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

வெப்பநிலையும் அப்படித்தான். நியோடிமியம் காந்தம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.1 சதவீதம் வலிமை இழக்கும். சித்திரை மாத மதியத்தில் கரண்ட் போய் அறை 4 டிகிரி சூடேறினால், அளவில் 0.4 சதவீதம் போச்சு. நாங்கள் துரத்தும் பிழைகள் அதைவிடச் சிறியவை. டெல்டாக் கல்லூரி ஆய்வகப் பதிவேடுகளில் நான் தேடிப் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்: அப்போது வெப்பநிலை என்ன? பெரும்பாலும் இருக்காது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கருவி இல்லாததால் வரும் குறை அல்ல இது. சுவரில் தெர்மாமீட்டர் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2 மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலமுள்ள இரு வரிசைகளுக்கு நடுவே 1 டெஸ்லா உச்சப் புலம் இருந்தால், சுமார் 2 டன் விசையோடு ஒன்றையொன்று இழுக்கும். அவ்வளவு வேண்டாம், தீப்பெட்டி அளவு நியோடிமியம் கட்டிகள் இரண்டே விரலை நசுக்கப் போதும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்தில் வரக் கூடாது. சின்னக் காந்தங்களைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள்: இரண்டை விழுங்கினால் அவை குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும்.

அளந்து பழக லட்ச ரூபாய்க் கருவி தேவையில்லை. கைப்பேசியிலேயே காந்தமானி இருக்கிறது. திறந்த வயலில் நின்று பார்த்தால் 40 மைக்ரோடெஸ்லாவை, அதாவது அந்த 0.4 காஸை, ஒட்டிக் காட்டும். பைக் பக்கத்தில், இரும்பு பீரோ பக்கத்தில் எவ்வளவு மாறுகிறது என்று எழுதுங்கள். காந்தக் கட்டியை மட்டும் அதனருகே கொண்டுபோகாதீர்கள், காட்டும் அளவு தடுமாறிவிடும். கட்டியை அளக்க மலிவான ஹால் சென்சார் போதும். சென்சாரை நேராக வைத்து ஒரு முறை, அதே இடத்தில் தலைகீழாகத் திருப்பி ஒரு முறை அளந்து, இரண்டின் வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். சென்சாரின் பூச்சியப் பிழை கழன்றுவிடும். பக்கத்தில் நேரம், வெப்பநிலை, திசை மூன்றையும் எழுதிவிடுங்கள்.